கச்சையில் செருகிய குறுவாள்: கெரிஸ் காட்சிமுறையும் கம்பம் பள்ளத்தாக்கு வட்டார நடுகற்களும்

ஆய்வுச் சுருக்கம்

மலாய் உலகின் கெரிஸ் என்னும் குறுவாள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் காட்சிப்படுத்தப்பட்டுள்ளது. அதனைப் பார்க்கவும் விவரிக்கவும் உதவும் கலைச்சொற்கள், அதனைச் செய்தோரும் அணிந்தோரும் பேசிய மொழிகளிலிருந்தே பெறப்பட்டுள்ளன. கம்பம் பள்ளத்தாக்கை உள்ளடக்கிய தேனி வட்டாரத்தில் நிலை இதற்கு மறுதலையானது. இங்குக் குறுவாளைக் கச்சையில் செருகிய வீரர் நடுகல்லில் நிற்கின்றனர். அவர்தம் குறுவாள்கள் ஆயுதப் பறிப்பில் அகன்றுபோயின. கெரிஸைக் காணும் முறையைத் துணையாகக் கொண்டு, கல்லில் உள்ள குறுவாளை எவ்வாறு காண்பது, விவரிப்பது என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது. குறுவாளுக்கான தமிழ்ப் பெயர்களே அவ்விவரிப்புக்குரிய அடிப்படையைத் தருகின்றன என்பது இதன் கருதுகோளாகும்.

திறவுச்சொற்கள்: கெரிஸ், குறுவாள், உடைவாள், கட்டாரி, நடுகல், புலிமான்கோம்பை, கம்பம் பள்ளத்தாக்கு, அருங்காட்சியகம்.

1. முன்னுரை

அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்ட ஆயுதம் இருவகை இழப்புகளுக்கு உட்பட்டது. ஒன்று, அதனை ஏந்திய உடலிலிருந்து அது பிரிக்கப்படுகிறது. மற்றொன்று, அதற்கு வழங்கிய பெயரும் அதனைச் சூழ்ந்த வழக்கங்களும் மறைந்து, 'குறுவாள், இரும்பு' என்னும் பொதுக்குறிப்பு மட்டும் எஞ்சுகிறது. பார்வையாளர் கூர்மையையும் அழகையும் வியந்து நகர்கின்றனர். அது யாருடையது, எவ்வாறு அணியப்பட்டது, எவ்வழியாக அங்கு வந்தது என்னும் வினாக்கள் எழுவதில்லை.

இவ்விழப்பைப் பெருமளவு ஈடுசெய்துள்ள ஆயுதமாகக் கெரிஸைக் குறிப்பிடலாம். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், தென்தாய்லாந்து, புருணை ஆகிய நிலப்பகுதிகளில் வழங்கும் இக்குறுவாள், உறுப்புதோறும் பெயர் பெற்றது. 2005-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு இந்தோனேசியக் கெரிஸை மனிதகுலத்தின் அருமரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. 2008-இல் அது தொட்டுணரா மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அவ்வறிப்பு இரும்புப் பொருளை மட்டும் கருதியதன்று. அதனைச் செய்யும் அறிவையும் அணியும் ஒழுக்கத்தையும் கருதியதாகும்.

தேனி வட்டாரத்திலும் குறுவாள் ஒரு மரபின் அடையாளமாக நிற்கிறது. ஆனால் அது கண்ணாடிப் பேழையில் இல்லை. வயலோரத்திலும் கண்மாய்க் கரையிலும் கோயில் வளாகத்திலும் நிற்கும் நடுகற்களில் உள்ளது. கெரிஸைப் பொறுத்தவரை அருங்காட்சியகத்தில் வாள் உண்டு, அணிந்தவர் இல்லை. தேனி நடுகற்களில் அணிந்தவர் உண்டு, வாள் இல்லை. இரண்டும் இடையில் செருகப்பட்ட குறுவாள்கள் என்பதாலும், இரண்டும் போர்க்கருவி என்னும் நிலையைக் கடந்து தகுதியின் அடையாளமாக விளங்கியமையாலும் இவ்வொப்பீடு பொருந்துவதாகிறது. இரண்டிற்கும் இடையே பிறப்புத் தொடர்பு உண்டு என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்றைக் காணும் முறை மற்றொன்றைக் காண எவ்வாறு உதவும் என்பதே ஆய்வுப்பொருளாகும்.

2. கெரிஸின் உறுப்புகளும் அவற்றின் பெயர்களும்

கெரிஸ் இருபுறமும் கூருடைய, குத்துதற்குரிய குறுவாள். அதன் அலகு அடிப்பகுதியில் ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் சமச்சீரின்றி அமைந்திருக்கும். இச்சமமின்மையே பிற குறுவாள்களிலிருந்து அதனைப் பிரித்தறிவதற்குரிய முதன்மை அடையாளம். நெளிந்த அலகே கெரிஸ் என்னும் பொதுக்கருத்து சரியன்று. நேரான அலகுடைய கெரிஸ்களும் மிகுதியாக உள்ளன. நெளிவு 'லுக்' எனப்படும். நெளிவுகளின் எண்ணிக்கை மரபுப்படி ஒற்றைப்படையாகவே அமையும்.

அலகு 'பிலா' என்றும், பிடி 'ஹூலு' என்றும், உறை 'சாரோங்' என்றும், உறையின் மேல்முனையில் படகுபோல் அகன்று நிற்கும் குறுக்குப் பகுதி 'சம்பிர்' என்றும் மலாய் மொழியில் வழங்கும். பிடியின் வடிவம் கெரிஸின் நிலப்பகுதியை உணர்த்தும். கைகளைக் கட்டிக் கூனிக் குளிரில் நடுங்குவதுபோல் அமைந்த உருவப்பிடி 'ஜாவா டெமாம்' எனப்படும். 'காய்ச்சல் கண்ட சாவகன்' என்பது அதன் பொருள். நீண்ட மூக்குடைய 'தாஜோங்' பிடி பட்டாணி, கிளந்தான் பகுதிகளுக்குரியது. மேலைநாட்டுச் சேகரிப்பாளர் அதனை மீன்கொத்திப் பிடி என்றனர்.

அலகின் மேற்பரப்பில் தோன்றும் வரியமைப்பு 'பாமோர்' எனப்படும். வெவ்வேறு தன்மையுடைய இரும்புத் தகடுகளை அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து மீண்டும் அடிப்பதால் இது உருவாகிறது. நிக்கல் கலந்த தகடு வெளிறியும் பிற இரும்பு கறுத்தும் தோன்றும். எலுமிச்சைச் சாற்றையும் பாடாணத்தையும் கொண்டு அலகைக் கழுவும்போது இவ்வேறுபாடு தெளிவாகும். நடுச்சாவகத்தில் பிரம்பானான் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பும் சுரகார்த்தா அரண்மனைக் கொல்லரால் இதற்குப் பயன்படுத்தப்பட்டது.

தென்னிந்திய உருக்கு வாள்களிலும் நீரோட்டம் போன்ற வரிகள் காணப்படும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. தென்னிந்திய உருக்கு, மூசையில் உருகிக் கட்டியான ஒரே உலோகத் திரளிலிருந்து அடிக்கப்படுவது. அதன் வரி உலோகத்தின் உள்ளமைப்பிலிருந்து தோன்றுவது. பாமோர் பல தகடுகளை இணைத்தலால் தோன்றுவது. கண்ணுக்கு ஒத்துத் தோன்றும் இரண்டைச் செய்முறை அறிவே பிரித்துக் காட்டுகிறது.

மலாய் மொழியில் கப்பல், பெட்டி, கடை, கட்டில் முதலிய தமிழ்ச்சொற்கள் 'காபால்', 'பெத்தி', 'கெடாய்', 'காத்தில்' என வழங்குவது நன்கறியப்பட்டது. இவை வணிகத்தையும் இல்லப் பொருள்களையும் சார்ந்த சொற்கள். கெரிஸின் உறுப்புப்பெயர்களோ பெரும்பாலும் மலாய், சாவகச் சொற்களாகவே உள்ளன. சொற்கள் எங்குக் கடன்பெறப்பட்டன, எங்குப் பெறப்படவில்லை என்பது அப்பொருள் யாருடைய கைத்திறன் என்பதற்கும் சான்றாகிறது.

3. காட்சியில் இழப்பதும் மீட்பதும்

கெரிஸை அணியும் முறை இடத்திற்கு இடம் வேறுபடும். மலாய்த் தீபகற்பத்தில் இடப்புற இடுப்பில் கச்சைக்குள் செருகுவர். சாவகத்தில் முதுகுப்புறக் கச்சையில் செருகுவர். பாலியில் பிடி தோளுக்கு மேல் தெரியும்படி முதுகில் உயர்த்திச் செருகும் வழக்கம் உண்டு. அருங்காட்சியகங்களில் அலகும் உறையும் பெரும்பாலும் தனித்தனியே கிடத்தி வைக்கப்படுகின்றன. அலகின் வரியைக் காட்ட இது தேவையே. எனினும், அவையில் பிறர் கண்ணில் பட்டது அலகு அன்று. பிடியும் உறையின் மேல்முனையுமே. கெரிஸ் உருவப்படாமல் கச்சையில் இருந்த காலமே அதன் வாழ்நாளின் பெரும்பகுதி. ஆகவே, உறையிலிட்ட நிலையையும் அணிந்த கோணத்தையும் காட்டாத காட்சி, படைக்கருவியை மட்டும் காட்டி அணிகலனை மறைத்துவிடுகிறது.

பாமோரை அறியாத சேகரிப்பாளர் சிலர், கறுத்த அலகைத் துருப்பிடித்ததாகக் கருதித் தேய்த்து மெருகேற்றினர். பளபளப்பான அவ்வலகுகளில் கொல்லன் எழுப்பிய வரிகள் மங்கிப்போயின. பார்க்கத் தெரியாமை பொருளின் உருவையே மாற்றிவிடும் என்பதற்கு இது சான்றாகும்.

இதற்கு எதிரான நிலையும் உண்டு. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் காட்சிப்படுத்தப்பட்ட 'கினாவுட் கெரிஸ்' மீது சக ஆண்டு 1264 என்னும் காலக்குறிப்பு உள்ளது, அது கி.பி. 1342-க்கு இணையானது. அதன் அலகைப் போர்த்திய மெல்லிய செப்புத் தகட்டில் இராமாயணக் காட்சிகள் இடம்பெற்றுள்ளன. இங்குக் குறுவாளே ஆண்டையும் கதையையும் தாங்கிய ஆவணமாகிறது.

பொருள் வந்த வழியை அறிவதன் இன்றியமையாமையை இளவரசர் திபோநெகோரோவின் கெரிஸ் உணர்த்துகிறது. டச்சு ஆட்சியை எதிர்த்துச் சாவகப் போரை நடத்திய அவர் 1830-இல் சிறைப்பிடிக்கப்பட்டார். அவருடைய கெரிஸ் நெதர்லாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் லைடன் அருங்காட்சியகத் தொகுப்பில் பல கெரிஸ்களுள் ஒன்றாக அடையாளமிழந்து கிடந்தது. பழைய எழுத்தாவணங்களையும் அலகின் நாக உருவ அமைப்பையும் ஒப்பிட்டு ஆய்வாளர் அதனை இனங்கண்டனர். 2020 மார்ச்சு மாதத்தில் அது இந்தோனேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. திருப்பியளிக்க விரும்பினும், எது என அறியாதவரை திருப்பியளிக்க இயலாது. ஒரு குறுவாளின் உறுப்பு விவரிப்பு, அதனை உரியவரிடம் சேர்க்கும் சான்றாக மாறியது.

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன: உறுப்புகள் யாவை? எவ்வாறு செய்யப்பட்டது? எவ்வாறு அணியப்பட்டது? எவ்வழியாக இங்கு வந்தது? இந்நான்கும் தேனி வட்டாரக் குறுவாளுக்கும் பொருந்துவனவாகும்.

4. தமிழ்ப்பெயர்கள் உணர்த்தும் பார்வை

குறுவாளைக் குறிக்கத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. அவற்றைப் பெயரிட்ட நோக்கின் அடிப்படையில் வகைப்படுத்தலாம்.

அளவு நோக்கிய பெயர் குறுவாள். வாளினின்றும் நீளத்தால் வேறுபடுத்துவது அது. அணியும் இடம் நோக்கிய பெயர் உடைவாள். உடையில், அதாவது இடையில் கட்டிய ஆடையில் செருகப்படுவது. பிடி நோக்கிய பெயர் குறும்பிடி. செயல் நோக்கிய பெயர் குத்துவாள். சுரிகை வடமொழி வழி வந்தது. கட்டாரி, இந்திய மொழிகள் பலவற்றிலும் ஒத்த வடிவங்களில் வழங்குவது. பிச்சுவா என்பது தேளைக் குறிக்கும் வட இந்தியச் சொல்லோடு தொடர்புடையது. தேளின் கொடுக்குப்போல் வளைந்த அலகு அப்பெயருக்குக் காரணமாயிற்று.

இப்பெயர்களை ஒருபொருட் பன்மொழி எனக் கொண்டு ஒன்றுக்கொன்று மாற்றி எழுதும் வழக்கம் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் நடுகல் அறிக்கைகளிலும் காணப்படுகிறது. இலக்கிய உரைக்கு இது தடையன்று. பொருள்சார் ஆய்வுக்கோ இது இழப்பாகும். கட்டாரி என்பது ஒரு குறிப்பிட்ட பிடியமைப்பைச் சுட்டுவது. இரண்டு இணையான சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கம்பிகள் அமைந்திருக்க, கை அக்கம்பிகளைப் பற்றும். முட்டியால் குத்துவதுபோல் அலகு முன்னோக்கிப் பாயும். நேர்ப்பிடியுடைய குறுவாளில் பிடியும் அலகும் ஒரே நேர்கோட்டில் அமையும். பிடி வேறுபட்டால் கை பற்றும் முறையும் குத்தும் முறையும் செருகும் முறையும் வேறுபடும். ஆகவே, பிடியைக் காணாமல் கட்டாரி என்று எழுதுவது, நெளிவைக் காணாமல் நெளிவின் எண்ணிக்கையைச் சொல்வது போன்றதாகும்.

பெயரிடல் நோக்கில் பார்ப்பின் மலாய் மரபும் தமிழ் மரபும் வேறுபடுகின்றன. மலாய் மரபு கெரிஸின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் தந்தது. தமிழ் மரபு முழுப்பொருளுக்கே பல நோக்குகளிலிருந்து பெயர் தந்தது. அளவு, அணியுமிடம், பிடி, செயல் என அமையும் இந்நோக்குகள், விவரிப்பாளர் கேட்க வேண்டிய வினாக்களாக உள்ளன. புதிய கலைச்சொற்களை ஆக்கும்முன் இருக்கும் சொற்களை அவற்றுக்குரிய பொருளில் வரையறுத்தல் வேண்டும்.

5. தேனி வட்டார நடுகற்கள்: எழுத்திலிருந்து உருவத்திற்கு

தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே வருசநாட்டு மலைகள் ஆகியவற்றுக்கு இடையே முல்லைப் பெரியாறு பாயும் நிலப்பகுதி கம்பம் பள்ளத்தாக்கு எனப்படுகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்கள் இதனுள் அமைந்துள்ளன. மலைவழிகளும் மேய்ச்சல் நிலங்களும் கொண்ட இவ்வட்டாரத்தில் ஆநிரையும் அதனைக் காத்தலும் கவர்தலும் பழங்காலந்தொட்டு வாழ்வோடு இணைந்தவை.

ஆண்டிபட்டி வட்டத்தில் வைகைக் கரைப்பகுதியில் அமைந்த புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டறிந்தனர். எழுத்தமைதி கொண்டு இவை கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியவையாகக் கருதப்படுகின்றன. ஒரு கல்லின் வாசகம், கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்ட தீயன் அந்துவனைக் குறிக்கிறது. அக்கூடலூரைக் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராகக் கொள்ளும் கருத்தும் உண்டு. தொல்காப்பிய வெட்சித்திணைத் துறைகளுள் ஒன்றான 'ஆகோள்' என்னும் சொல்லே கல்லிலும் இடம்பெறுவது இலக்கியத்தையும் தொல்லியலையும் இணைக்கும் அரிய சான்றாகும்.

இக்கட்டுரைப் பொருளுக்கு மற்றொரு செய்தி குறிப்பிடத்தக்கது. இக்கற்களில் எழுத்து மட்டுமே உண்டு, உருவம் இல்லை, எனவே ஆயுதமும் இல்லை. பூசலில் பட்ட வீரனின் கல்லில் அவன் ஆயுதம் ஏன் காட்டப்படவில்லை என்னும் வினா எழுகிறது. சங்க இலக்கியம் இதற்கு ஒரு விடையைத் தருகிறது. அகநானூற்றின் 67-ஆம் பாடல், பெயரும் பீடும் எழுதிய நடுகல்லின் அருகே வேலை ஊன்றிப் பலகையைச் சார்த்தி வைத்த காட்சியைக் காட்டுகிறது. ஆயுதத்தின் உருவத்தைக் கல்லில் செதுக்காமல், ஆயுதத்தையே கல்லருகே நிறுத்திய நிலை இது. கல் பெயரைத் தாங்கியது. வேலும் பலகையும் அவற்றின் பொருள்வடிவிலேயே நின்றன. மரமும் தோலும் இரும்பும் காலத்தில் அழிய, கல்லும் எழுத்தும் எஞ்சின.

அடுத்த நிலையில் ஆயுதம் கல்லுக்குள் புகுந்தது. வடதமிழகத்தில் கிடைத்த செங்கம் நடுகற்களில் வில், வாள், குறுவாள், கேடயம் ஏந்திப் போரிடும் நிலையில் வீரர் காட்டப்பட்டுள்ளனர். தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' நூல் இவற்றை அறிய உதவும். அங்குக் குறுவாள் கையில் உள்ளது, செயலில் உள்ளது.

நாயக்கர் காலத்தைச் சேர்ந்த மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டார நடுகற்களில் மூன்றாம் நிலையைக் காணலாம். வீரன் நின்ற கோலத்தில் இரு கைகளையும் குவித்து வணங்குகிறான். தலைமுடி பக்கவாட்டில் சாய்ந்த கொண்டையாக முடியப்பட்டுள்ளது. காதிலும் கழுத்திலும் தோளிலும் அணிகள் உள்ளன. அருகில் மனைவியர் நிற்பதும் உண்டு. குறுவாளோ இடைக்கச்சையில் செருகப்பட்டுள்ளது. கை வணங்குகிறது, வாள் ஓய்ந்திருக்கிறது. இவை இன்றும் வழிபாட்டில் உள்ளன. சீலைக்காரி, மாலைக்கோயில் முதலிய பெயர்களில் மக்களால் அழைக்கப்படுகின்றன. விலங்கோடு பொருது பட்டவர்க்கு எடுத்த புலிக்குத்திக் கற்களில் மட்டும் குத்துதலாகிய செயல் தொடர்ந்து காட்டப்படுகிறது.

ஆக, தமிழ் நடுகல் மரபில் ஆயுதம் கல்லருகே நின்றது, கல்லில் கைக்கு வந்தது, பின்னர்க் கச்சைக்குச் சென்றது எனக் கொள்ளலாம். இது நாடு முழுமைக்கும் ஒரே சீராக நிகழ்ந்த வளர்ச்சி அன்று. நிலப்பகுதியும் காலமும் வேறுபடும். ஆயினும் இறுதிநிலை கெரிஸின் நிலையோடு நெருங்கியது. மலாய் மணமகன் இடுப்பில் செருகும் கெரிஸும் மலேசியப் பேரரசர் அரியணை ஏறும்போது முத்தமிடும் கெரிஸும் போருக்குரியன அல்ல, தகுதியை உணர்த்துவன. கச்சையில் குறுவாளோடு வணங்கி நிற்கும் நடுகல் வீரனும் தான் இறந்த கருவியைக் காட்டவில்லை. தான் யார் என்பதைக் காட்டுகிறான். மதுரைப் புதுமண்டபத்து நாயக்க மன்னர் சிற்பங்களும் இடையில் குறுவாளோடு வணங்கும் நிலையிலேயே உள்ளன. அரசனுக்குரிய கோலத்தை ஊர்வீரனின் கல்லும் ஏற்றது எனலாம்.

6. கச்சையைவிட்டு நீங்கிய வாள்

கல்லில் காணும் குறுவாள்களை இரும்பில் காண்பது அரிதாயிற்று. இதற்குத் துரு மட்டும் காரணமன்று, அரசாணையும் காரணமாகும்.

மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பட்ட பாளையங்களில் போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர் ஆகியவை இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ளன. பாளையக்காரர் படைதிரட்டித் தருதலும் காவல்செய்தலும் கடமையாகக் கொண்டவர். ஆயுதம் அவர்தம் ஆட்சிமுறையின் உறுப்பு. திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆங்கிலக் கம்பெனிக்கு வந்தது. 1801-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை, திண்டுக்கல், திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைச் சீமைகளின் பாளையக்காரரும் குடிகளும் ஆயுதங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. கோட்டைகளும் இடிக்கப்பட்டன. பின்னர், 1878-ஆம் ஆண்டு இந்திய ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதற்குத் தந்த விளக்கத்தில் துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றோடு குறுவாளும் இடம்பெற்றது. உரிமமின்றி ஆயுதம் தாங்கிச் செல்வது குற்றமாயிற்று. நடுகல்லில் வீரனின் தகுதியை உணர்த்திய அதே பொருள், சட்டத்தின் முன் குற்றத்திற்குரிய பொருளாக மாறியது.

அரண்மனைத் தொகுதிகளும் முழுமையாகத் தப்பவில்லை. தஞ்சை மராட்டிய அரசு 1855-இல் கம்பெனியால் முடிவுறுத்தப்பட்டபின், அரண்மனை ஆயுதசாலையின் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. தேர்ந்தெடுத்த சில சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவ்வாயுதசாலையைக் கண்ட ஆங்கில அதிகாரி வால்ஹவுஸ் 1878-இல் 'இந்தியன் ஆண்டிக்குவாரி' இதழில் அதனைப் பற்றி எழுதினார். 1851-இல் தொடங்கப்பெற்ற சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள தஞ்சைக் கட்டாரிகள் தென்னிந்திய ஆயுத ஆய்வுக்கு முதன்மைச் சான்றுகள். கையைக் காக்கும் படம்போன்ற கவசத் தகடு, யாளி முதலிய உருவங்களைத் துளையிட்டு அமைத்த இரும்பு வேலை, ஐரோப்பிய வாளலகை வெட்டித் தைத்து இணைத்த அலகு ஆகியவை இவற்றின் சிறப்பியல்புகள். தென்னிந்தியக் கட்டாரிகள் நியூயார்க்கு மாநகரக் கலை அருங்காட்சியகத்திலும் உள்ளன.

இதிலிருந்து ஒரு முறையியற் சிக்கல் தோன்றுகிறது. அரண்மனைத் தொகுதி எஞ்சியதால் தென்னிந்தியக் குறுவாள் என்றவுடன் தஞ்சைக் கட்டாரியே அளவுகோலாகிறது. பாளையத்து வீரனும் கால்நடை காத்தவனும் ஏந்திய, அணிவேலைப்பாடு குறைந்த குறுவாள்கள் கருத்திலிருந்து மறைகின்றன. கிடைத்தவற்றைக் கொண்டு இருந்தவற்றை அளப்பதால் நேரும் பிழை இது. இப்பிழையைத் திருத்தும் சான்று ஊர்களில் நிற்கும் கற்களே.

7. கல்லையும் வாளையும் இணைத்துக் காணல்

கல்லுருவைக் கொண்டு ஆயுத வரலாற்றை ஆராயும் முறை கெரிஸ் ஆய்விலும் உண்டு. நடுச்சாவகத்தில் லாவு மலைச்சரிவில் உள்ள சுக்கு கோயில் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள புடைப்புச் சிற்பத்தில் வீமன் கொல்லனாக அமர்ந்து கெரிஸை உருவாக்குகிறான். அருச்சுனன் துருத்தியை இயக்குகிறான். இடையில் யானைமுக உருவம் ஆடுகிறது. செய்யப்பட்ட ஆயுதங்களும் அதே பலகையில் வரிசையாகக் காட்டப்பட்டுள்ளன. இக்கல், பேழையில் உள்ள கெரிஸுக்கு உலைக்களத்தைத் திருப்பித் தருகிறது. அதுபோல் தேனி நடுகல், பேழையில் உள்ள கட்டாரிக்கு உடலைத் திருப்பித் தரவல்லது.

இவ்விணைப்புக்கு நடுகல் விவரிப்பில் 'இடையில் குறுவாள்' என்னும் ஒற்றைத்தொடர் போதாது. பின்வரும் கூறுகள் பதிவுசெய்யப்படல் வேண்டும்:

அ. இடம்: குறுவாள் வலப்புறமா, இடப்புறமா, நடுவிலா, நேராகவா, சாய்ந்தா.
ஆ. பிடி: இணைச்சட்டப் பிடியா, நேர்ப்பிடியா, குமிழ் உண்டா, கவசத் தகடு உண்டா.
இ. அலகு: உறையில் உள்ளதா, வெறுமையாக உள்ளதா, நேரா, வளைவா.
ஈ. அளவு: பிடிக்கும் அலகுக்கும் உள்ள விகிதம், உடலோடு ஒப்பிட்ட நீளம்.
உ. கச்சை: எத்தனை சுற்று, முடிச்சும் தொங்கலும் எவ்வாறு அமைந்துள்ளன.
ஊ. வழக்கு: கல்லுக்கு ஊரார் வழங்கும் பெயர், வழிபடுவோர், வழிபாட்டு நாள்.
எ. நிலை: கல் நட்ட இடத்திலேயே உள்ளதா, பெயர்க்கப்பட்டதா, மேற்பூச்சு உண்டா.

இவற்றுள் அணியுமிடத்தை உடைவாள் என்னும் பெயரும், பிடியைக் குறும்பிடி என்னும் பெயரும், அளவைக் குறுவாள் என்னும் பெயரும் முன்னரே வினாவாக்கியுள்ளன. பிடி தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே கட்டாரி என எழுதலாம். தெளிவின்றேல் குறுவாள் என்னும் பொதுப்பெயரே தகும்.

இம்முறைக்கு வரம்புகளும் உண்டு. சிற்பி உடலளவுக்கு ஏற்ப ஆயுதத்தைச் செதுக்கினான் எனக் கொள்ள இயலாது. சிறு கல்லில் குறுவாளைப் புலப்படுத்தப் பெரிதாக்கியிருக்கலாம். ஒரே பட்டறை மரபில் வந்த கற்கள் ஒரே குறுவாளைத் திரும்பத் திரும்பக் காட்டலாம். எனவே தனிக்கல்லைக் கொண்டு முடிவுகூறாது, ஒரு வட்டாரத்துக் கற்களைத் தொகுத்து நோக்குதல் வேண்டும். கல் வரியமைப்பையும் உலோகத்தையும் காட்டாது. அவற்றுக்கு அருங்காட்சியகப் பொருளே சான்று. பொருள் அணிந்த முறையைக் காட்டாது. அதற்குக் கல்லே சான்று.

காலமும் கருத்தில் கொள்ளத்தக்கது. வழிபாட்டிலுள்ள நடுகற்கள் எண்ணெய்ப்பூச்சாலும் வண்ணத்தாலும் சிமெண்டுப் பூச்சாலும் உருமாறுகின்றன. பிடியின் நுண்ணமைப்பே முதலில் மறையும் பகுதி. மெருகேற்றப்பட்ட கெரிஸில் பாமோர் மங்கியதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்குச் சேகரிப்பாளர் அறியாமையால் தேய்த்தார். இங்கு ஊரார் பத்தியால் பூசுகின்றனர். ஆதலால் கல்லை வழிபாட்டிலிருந்து பெயர்த்துப் பேழைக்குள் வைப்பது தீர்வாகாது. வீரனின் பெயரையும் நினைவையும் காத்துவந்தது அவ்வழிபாடே. நிற்கும் இடத்திலேயே நிறுத்தி, பூச்சுக்கு முன் ஒளிப்படமும் அளவும் விவரிப்பும் எடுத்து, அவற்றை ஊரார்க்கும் அளிப்பதே பொருந்தும்.

8. முடிவுரை

அருங்காட்சியகத்தில் கெரிஸ் பொருளுடையதாகத் தோன்றுவது அதன் அழகால் மட்டுமன்று. உறுப்பு, செய்முறை, அணியும் முறை, வந்த வழி ஆகிய நான்கிற்கும் விடைகூறும் சொற்கள் அதனோடு உடன் வந்தமையாலாகும். அச்சொற்களே திபோநெகோரோவின் கெரிஸை இனங்காண உதவின.

தேனி வட்டாரக் குறுவாளுக்கு அணியும் முறையைக் கல் கூறுகிறது. வந்த வழிக்கு மாற்றாக, சென்ற வழியை 1801, 1878-ஆம் ஆண்டு ஆணைகள் கூறுகின்றன. உறுப்புகளையும் செய்முறையையும் சென்னை, தஞ்சைத் தொகுதிகளைக் கொண்டு ஒருவாறு உய்த்துணரலாம். இந்நான்கையும் இணைக்கும் சொற்கள் தமிழில் முன்னரே உள்ளன. நடுகல் எடுக்கும் முறைகளைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என வரிசைப்படுத்துகிறது. கல்லைத் தேடிக் காண்பதாகிய காட்சியே அவற்றுள் முதலாவது. நட்ட கல்லை ஆராய்வோர்க்கும் அதுவே முதற்பணி. வீரனின் முகத்தையும் எழுத்தையும் கண்ட ஆய்வு, அவன் கச்சையையும் காணும்போது, பெயரும் உடலும் ஆயுதமும் மீண்டும் ஓரிடத்தில் சேரும்.